வழியனுப்பத் தெரிந்த படிகம்

கல்வராயன் மலையில் விடியற்காலை இலைகளில் திரளும் ஈரம், வெயில் ஏறினால் காற்றோடு போய்விடும். காற்றின் ஈரத்தைப் பிடித்துவைக்க ஒரு படிகம் உண்டு: உலோக அயனிகளையும் கரிம மூலக்கூறுகளையும் பின்னிச் செய்தது, உள்ளெல்லாம் நுண்துளை, சில கிராமின் உட்பரப்பே ஒரு கால்பந்து மைதானம். இவ்வகைப் படிகங்களை உருவாக்கியதற்குத்தான் கிடகாவா, ராப்சன், யாகி மூவருக்கும் 2025இல் வேதியியல் நோபல். மாத்திரைப் புட்டியில் கிடக்கும் சிலிக்கா ஜெல் போதாதா என்று கேட்கலாம். உறிஞ்சுவது பெரிதல்ல, திருப்பித் தருவதே பெரிது. சிலிக்கா ஜெல்லில் ஏறிய ஈரத்தை முழுதாக வெளியேற்ற நல்ல சூடு வேண்டும்; 2017இல் யாகி குழு காட்டிய சிர்க்கோனியப் படிகமோ, வறண்ட காற்றில் எடுத்த நீரை வெயில் சூட்டிலேயே விட்டது. உள்ளே வரும் மூலக்கூறை வேதியியலார் ‘விருந்தாளி’ என்பது பொருத்தம்தான். மலையடிவாரத்தில் கோமுகி அணை இருக்க, இந்தப் படிகம் எதற்கு? அணைக்கு இது மாற்றே அல்ல. ஓடை வற்றிய கோடையில், குழாய் ஏறாத உயரத்துக் குடியிருப்புக்குக் குடிக்கச் சில லிட்டர், அவ்வளவுதான் பேச்சு.