வீடியோ விளையாட்டும் மூளையும்: ஆண், பெண் வேறுபாடு உண்டா?

ஒரே வீட்டில் அண்ணனும் தங்கையும். வீடியோ விளையாட்டைத் தொடங்கிவிட்டால் அண்ணனுக்குச் சோறும் வேண்டாம், தூக்கமும் வேண்டாம். தங்கையோ சற்று நேரம் ஆடிவிட்டு எழுந்துவிடுகிறாள். "ஆண் மூளை வேறு, பெண் மூளை வேறு" என்று பெரியவர்கள் தீர்ப்புக் கூறிவிடுகிறார்கள். தீர்ப்பு அத்துடன் நின்றால் கவலையில்லை. "இயற்பியலும் பொறியியலும் பெண்களுக்கு வராது" என்பது வரை அது நீண்டுவிடுகிறது. இதில் உண்மை எவ்வளவு? பார்ப்போம்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஃபூமிகோ ஹோஃப்ட், ஆலன் ரைஸ் முதலிய விஞ்ஞானிகள் நடத்திய ஆராய்ச்சி 2008-இல் வெளிவந்தது. 11 ஆண்களும் 11 பெண்களும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கருவிக்குள் படுத்தபடி ஒரு விளையாட்டை ஆடினார்கள். திரையின் நடுவே ஒரு கோடு, அதுதான் சுவர். அதை நோக்கிப் பந்துகள் வரும். பந்து மோதினால் சுவர் பின்வாங்கும். ஆடுபவரின் இடம் குறையும். பந்துகளை அருகே வரவிடாமல் அழித்தால் இடம் கூடும். ஆனால் இந்த விதியை யாரிடமும் சொல்லவில்லை. இயன்றவரை பந்துகளை அழியுங்கள் என்று மட்டுமே சொன்னார்கள்.

இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவு பந்துகளை அழித்தார்கள். ஆனால் ஆண்கள் அதிக இடத்தைப் பிடித்தார்கள். வெகுமதி கிடைக்கும்போது கிளர்ச்சியடையும் நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ், அமிக்டலா முதலிய மூளைப் பகுதிகளும் ஆண்களிடம் அதிகமாகச் செயல்பட்டன.

மூளை செயல்படுவதைக் கருவி எப்படி அறிகிறது? இங்கேதான் இயற்பியல் வருகிறது. பிராணவாயுவை இழந்த ஹீமோகுளோபினுக்குச் சிறிது காந்தத் தன்மை உண்டு. பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபினுக்கு அது இல்லை. மூளையின் ஒரு பகுதி சுறுசுறுப்படைந்தால், தேவைக்கும் மேலாகவே அங்கே புது இரத்தம் பாய்கிறது. காந்தத் தன்மையுள்ள ஹீமோகுளோபின் அங்கே குறைவதால் கருவி பெறும் சைகை சற்றே வலுப்படுகிறது. ஜப்பானிய விஞ்ஞானி செய்ஜி ஒகாவா 1990-இல் இதைக் கண்டறிந்தார். ஆக, கருவி அளப்பது எண்ணத்தையன்று. இரத்தத்தில் ஏற்படும் மாற்றத்தை.

எனவே அந்தப் படத்திலிருந்து முடிவு சொல்லும்போது நிதானம் வேண்டும். முதலாவதாக, 22 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. இரண்டாவதாக, கிடைத்தது சராசரி. ஆண்களின் சராசரி உயரம் பெண்களைவிட அதிகம். ஆயினும் உங்கள் வகுப்பில் பல மாணவர்களைவிட உயரமான மாணவி இருக்கக்கூடும் அல்லவா? மூன்றாவது மிக முக்கியம். ஒருநாள் எடுத்த படம் அன்றைய மூளையைக் காட்டும். அந்த வேறுபாடு பிறவியிலேயே வந்ததா, பழக்கத்தால் வந்ததா என்று அது சொல்லாது.

பழக்கத்தின் வலிமையைக் காட்டும் சோதனை ஒன்று உண்டு. கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் ஜிங் ஃபெங், இயன் ஸ்பென்ஸ், ஜெய் பிராட் ஆகியோர் 2007-இல் வெளியிட்டது. ஒரு பொருளை மனத்திற்குள் சுழற்றிப் பார்க்கும் திறனில் ஆண்கள் சராசரியாக முந்துவது வழக்கம். பொறியியல் வரைபடத்துக்கும் காந்தவியலின் வலக்கை விதிக்கும் தேவையான திறன் இது. வீடியோ விளையாட்டுப் பழக்கமில்லாத மாணவ மாணவியரை வேகமான சண்டை விளையாட்டு ஒன்றை மொத்தம் 10 மணி நேரம் ஆடச் செய்தார்கள். இருபாலரும் முன்னேறினார்கள், பெண்கள் அதிகமாக முன்னேறினார்கள். இடைவெளி வெகுவாகச் சுருங்கியது. மாதங்கள் சில சென்ற பிறகும் பயன் நிலைத்திருந்தது. வேகமில்லாத விளையாட்டை ஆடியவர்களிடம் இந்த முன்னேற்றம் காணப்படவில்லை.

பத்தே மணி நேரத்தில் இவ்வளவு குறையக்கூடிய வேறுபாட்டைத் தலையெழுத்து என்று சொல்லலாமா? அதற்காகப் பாடத்தை மூடிவிட்டு விளையாட உட்கார வேண்டாம்! களிமண்ணில் கனசதுரம் செய்து, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் தாளில் வரையுங்கள். தங்கையையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். "உனக்கு இது வராது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.