பஞ்சர் ஒட்டுமுன் பழைய பசையை எடுப்பது

பஞ்சர் ஒட்டுவதில் பாதி வேலை பழைய பசையை எடுப்பதுதான். திண்டுக்கல்–மதுரை நெடுஞ்சாலையில் காந்திகிராமம், சின்னாளபட்டி பக்கம் வண்டிப் பாதையோரமெல்லாம் சீமைக் கருவேல முள். ஒரே டியூபில் நாலைந்து ஒட்டு இருப்பது இங்கே சகஜம். புது ஓட்டை பழைய ஒட்டின் விளிம்பிலேயே விழுந்தால், காய்ந்த பிசினின் மேல் இன்னொரு ஒட்டைப் போடுவதில் பயனில்லை. விளிம்பின் மேடு பள்ளம் வழியே காற்று கசியும்.

வல்கனைஸ் செய்யாத ரப்பரை நாப்தா போன்ற பெட்ரோலியக் கரைப்பானில் கரைத்தால் கிடைப்பதே சொல்யூஷன் எனும் ஒட்டுப் பசை. டியூபோ வல்கனைஸ் செய்த ரப்பர். கந்தகத்தோடு சூடேற்றி ரப்பரை உறுதியாக்கும் இந்த முறையைச் சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டறிந்தார். பசையும் டியூபும் ஒரே இனம் என்பதால்தான் சிக்கல். பசையை இளக்கும் பெட்ரோலும் மண்ணெண்ணெயும் டியூபுக்குள்ளும் ஊறி அதை உப்பவைக்கும். மண்ணெண்ணெய் விட்டுப்போகும் எண்ணெய்ப் பிசுக்கில் புது ஒட்டும் பிடிக்காது. அதனால் டியூபில் எதையும் ஊற்றக் கூடாது. உப்புத்தாளால் பளபளப்பு போய்ச் சொரசொரப்பு வரும்வரை தேய்த்து, தூசியைத் துடைத்தால் போதும். பிளேடால் சுரண்டினால் புது ஓட்டைதான் மிஞ்சும்.

தேய்த்த இடத்தில் சொல்யூஷனை மெல்லிசாகத் தடவி, ஈரம் போய் விரலில் பிசுபிசுக்கும் பதம் வரும்வரை சில நிமிடம் காத்திருக்க வேண்டும். பல ஒட்டுகள் கழன்றுவருவது காத்திருக்காத அவசரத்தால்தான். கரைப்பான் உள்ளே சிக்கிக்கொண்டால் ஒட்டு இறுகாது.

உலோக ரிம்மில் கதை வேறு. அலாய் வீலின் உட்புறம் பேலன்சிங்குக்காக ஒட்டும் எடைக்கட்டிகள், கழன்ற பிறகு நுரை டேப்பைக் கறுப்பாக விட்டுச்செல்லும். முதலில் ஹேர் டிரையரால் மிதமாகச் சூடாக்கி, பிளாஸ்டிக் அட்டையால் வழித்தெடுக்க வேண்டும். மிச்சத்தை மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவிவிடலாம். தின்னரும் அசிட்டோனும் ரிம்மின் மேல்பூச்சையே உரித்துவிடும். மண்ணெண்ணெய் டயரிலோ பிரேக் டிஸ்கிலோ படக் கூடாது. டிஸ்கில் பட்டால் பிரேக் பிடிக்காது. அருகில் அடுப்போ பீடியோ இருக்கவே கூடாது.

டயரைக் கழற்றி மாட்டும்போதும் சிறு கவனம் பெரிய தொல்லையைத் தவிர்க்கும். ஸ்குரூடிரைவரால் நெம்பினால் டியூப் கடிபட்டுக் கிழியும். அதற்கென உள்ள லிவரே வேண்டும். டயர் ரிம்மில் ஏற மறுத்தால் ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவலாம். கிரீஸோ எண்ணெயோ தடவக் கூடாது. வால்வுக்கு எதிர்ப்பக்கம் தொடங்கி, வால்வருகே முடிப்பது எளிது.

மாட்டுமுன் டயரின் உட்புறத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். முள்ளின் தலை ஒடிந்து நுனி மட்டும் ரப்பருக்குள் புதைந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. பழைய துணியைச் சுருட்டி உள்ளே ஒரு சுற்று இழுத்தால், நூல் சிக்கும் இடத்தில் அது அகப்படும். அதைக் குறடால் பிடுங்காமல் விட்டால், மறுநாளே அதே இடத்தில் பஞ்சர்.

வால்வின் அடி கிழிந்த டியூபும், பக்கச் சுவர் வெடித்த டயரும் ஒட்டுக்கு அடங்காது. அவற்றை மாற்றிவிடுவதுதான் சரி.