புழுவும் அல்ல, பூச்சியும் அல்ல!

சென்ற மழைக்காலத்தில் என் மகனுக்குச் சீதபேதி கண்டது. மூன்று நாள் கைவைத்தியம் பார்த்தோம், கேட்கவில்லை. நான்காம் நாள் மலத்தைப் பரிசோதித்த டாக்டர், "அமீபா" என்றார்.

வீடு திரும்பும் வழியில் என் மனைவி கேட்டாள்: "ஏங்க, அது புழுவா, பூச்சியா?"

நான் பத்தாவது படித்த ரெயில்வே குமாஸ்தா. பதில் சொல்லத் தெரியவில்லை. விசாரித்த பிறகுதான் தெரிந்தது, அது இரண்டும் அல்ல என்று!

துணி வியாபாரி கண்ட உலகம்

ஹாலந்து நாட்டின் டெல்ப்ட் நகரில் லீவன்ஹூக் என்று ஒரு துணி வியாபாரி இருந்தார். கல்லூரிப் படிப்பு கிடையாது. தாமே கண்ணாடி தேய்த்து உருப்பெருக்கி செய்தவர். 1674-ல் ஏரித் தண்ணீரில் ஒரு சொட்டை அதில் வைத்துப் பார்த்தார். உள்ளே பச்சை நிறத்திலும் வேறு நிறங்களிலும் ஏதேதோ நீந்தித் திரிந்தன!

இவற்றுக்கு 'புரோட்டிஸ்டா' என்று 1866-ல் பெயர் வைத்தவர் ஜெர்மானிய அறிஞர் ஹெக்கல். பெரும்பாலானவற்றுக்கு உடம்பே ஒரே ஓர் அணு, அதாவது ஒரே செல்தான். சில, செடியைப் போல வெயிலில் உணவு சமைக்கும். சில, புலியைப் போல இரை தேடும். யூக்ளினா என்பது இரண்டும் செய்யும்!

சென்னை ஆஸ்பத்திரியில்...

இந்தக் கூட்டத்தில் கொடியது மலேரியாக் கிருமி. அது கொசுவின் வயிற்றில் வளர்வதை 1897 ஆகஸ்டு 20-ந் தேதி செகந்திராபாத்தில் கண்டுபிடித்தார் ரொனால்டு ராஸ். அதற்காக 1902-ல் நோபல் பரிசு பெற்றார்.

அடுத்த கண்டுபிடிப்பு நம் சென்னையில் நடந்தது. மண்ணீரல் வீங்கி, உடல் கறுத்து, ஆளை உருக்கிக் கொல்லும் காய்ச்சல் காலா அசார். அதன் கிருமியை 1903-ல் சென்னை பொது ஆஸ்பத்திரியில் டாக்டர் டோனோவான், நோயாளிகளின் மண்ணீரலில் கண்டார். அதே ஆண்டு இங்கிலாந்தில் லீஷ்மன் என்பவரும் அதைக் கண்டதாக எழுதினார். ராஸ் இருவர் பெயரையும் சேர்த்து 'லீஷ்மேனியா டோனோவானி' என்று பெயர் சூட்டினார்.

இந்த இரண்டு கிருமிகளைப் பற்றியும் ஆராய்ச்சி நடத்தியிருக்கிறது, புனே பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் தேசிய செல் அறிவியல் மையம்.

கண்ணாடி வீட்டுக்காரர்கள்

எல்லாமே எமன்கள் அல்ல. 'டையாட்டம்' என்று ஒன்று, கண்ணாடி போன்ற ஓட்டுக்குள் வாழ்கிறது. கடலிலும் ஆற்றிலும் வெயிலை உண்டு, உலகில் உண்டாகும் பிராணவாயுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத் தருகிறது. நாம் இழுக்கும் ஐந்து மூச்சில் ஒரு மூச்சு அதன் தயவு!

அதன் ஓடுகள் பல்லாயிரம் ஆண்டுகளாகப் படிந்து மண்ணாகின்றன. தொட்டால் வெடிக்கும் நைட்ரோ கிளிசரின் திரவத்தை அந்த மண்ணில் ஊற வைத்துத்தான் 1867-ல் 'டைனமைட்' செய்தார் ஆல்பிரட் நோபல். கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்கலாம்.

டையாட்டங்களை இனம் இனமாகப் பிரித்து ஆராய்வோர் நம் ஊர் அகர்கர் ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கிறார்கள். தண்ணீர் கெட்டால் அதில் வாழும் டையாட்ட இனங்களும் மாறிவிடும். ஆகவே ஆற்றின் நலத்தைச் சொல்லும் சாட்சி அது.

திராட்சைக்கு வந்த வினை

மராட்டிய விவசாயிகள் அக்டோபர் வாக்கில் திராட்சைக் கொடியைக் கவாத்து செய்கிறார்கள். பிறகு பூக்கும் பருவத்தில் மழை பிடித்துக்கொண்டால் போச்சு! இலையின் அடியில் வெள்ளைப் பூசணம் படரும், குலை கருகும். அடிச்சாம்பல் நோய் என்பது இதுதான். ஒரே மழையில் வருஷத்துப் பாடு போய்விடும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை இதற்குப் பழைய மருந்து. புனேயை அடுத்த மாஞ்சரியில் உள்ள தேசிய திராட்சை ஆராய்ச்சி மையம் இந்த நோயோடு மல்லுக்கட்டுகிறது.

இதைக் காளான் இனம் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். இன்றோ, டையாட்டத்துக்கு உறவுமுறை என்கிறார்கள். மூச்சு கொடுப்பதும் கொடியைக் கெடுப்பதும் ஒரே வம்சம்!

கொதித்தால் சாகும்

என் மகன் மாத்திரையில் குணமானான். ஆனால் டாக்டர் சொன்ன ஒன்றை எல்லோரும் அறிய வேண்டும். அமீபா ஒரு கூட்டுக்குள் சுருண்டு கிடந்துதான் நம் வயிற்றுக்குள் போகிறது. குழாய்த் தண்ணீரில் கலக்கும் அளவு குளோரினுக்கு அந்தக் கூடு மசியாது. சாக்கடைக்குப் பக்கத்தில் குடிநீர்க் குழாய் ஒழுகினால் ஆபத்துதான். தண்ணீர் நன்றாகக் கொதித்தால் அது செத்துப்போகும்.

கடக்வாஸ்லா அணைத் தண்ணீர் நல்ல தண்ணீர்தான் என்று இருந்தவன் நான். இப்போது எங்கள் வீட்டில் தினமும் ஒரு குண்டான் தண்ணீர் கொதிக்கிறது. மழைக்காலத்தில் உங்கள் வீட்டிலும் கொதிக்கட்டும். குளிர்காய்ச்சல் கண்டால் கடை மாத்திரையோடு நிற்காமல் ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.