மன்னித்தாயிற்று, கதவை எப்போது திறப்பது?

சேலம் அஸ்தம்பட்டியில் நீதிமன்ற வளாகம் இருக்கிறது. அதே வட்டாரத்தில் சி.எஸ்.ஐ. ஆலயமும் சிறு ஜெப வீடுகளும் இருக்கின்றன. குடியால் முறிந்துபோன கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்ணுக்கு இரண்டு வாசலும் தெரியும். ஒரு வாசலில் பிரிவதற்கு மனுப் போட வழி உண்டு. மறு வாசலில் மன்னிக்க வேண்டும் என்ற போதனை உண்டு. மன்னித்துவிட்டால் மனுவைத் திரும்பப் பெற வேண்டுமா? திரும்பப் பெறாவிட்டால் மனதார மன்னிக்கவில்லை என்று ஆகுமா? இந்தக் குழப்பத்தில் வருஷக்கணக்கில் சிக்கிக் கிடக்கிற பெண்களுக்காகவும், அவர்களுக்குப் புத்தி சொல்ல உட்காரும் போதகர்கள், மூப்பர்கள், உறவுக்காரர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

மன்னிப்பை ஒருவரே செய்து முடித்துவிடலாம். ஒப்புரவுக்கு இரண்டு பேர் வேண்டும். இன்று ராத்திரியே ஒரு மனைவி முழங்காலில் நின்று கணவனை மன்னிக்கலாம். அவன் போதையில் கிடந்தாலும், எந்த ஊரில் இருக்கிறான் என்றே தெரியாவிட்டாலும் அந்த மன்னிப்பு செல்லும். வீட்டுச் சாவியையும் சீட்டுப் பணத்தையும் திரும்ப அவன் கையில் கொடுப்பது வேறு காரியம். அதற்கு முன்னால் அவன் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன. இந்த இரண்டையும் ஒன்றாக்கி, “மன்னிச்சுட்டேன்னு சொன்னியே, அப்புறம் என்ன, சேர்ந்து போக வேண்டியதுதானே” என்று கேட்பது வேதத்துக்கும் பொருந்தாது, மருத்துவத்துக்கும் பொருந்தாது.

வேதத்திலிருந்து தொடங்கலாம். எத்தனை தடவை மன்னிப்பது என்று பேதுரு கேட்டதும், ஏழெழுபது தடவை என்று இயேசு சொன்னதும் மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் இருக்கின்றன. பிரசங்கங்களில் அதிகம் கேட்கும் பகுதி அது. அதற்குச் சற்று முன்னால், அதே அதிகாரத்தில், தப்பு செய்த சகோதரனிடம் முதலில் தனியாகவும், கேட்காவிட்டால் சாட்சிகளோடும், பிறகு சபையின் முன்பும் பேச வேண்டும் என்ற ஒழுங்கு இருப்பதை எடுத்துச் சொல்பவர்கள் குறைவு. மன்னிக்கச் சொன்னவரே தப்பை மூடி மறைக்கச் சொல்லவில்லை.

எனக்கு மிகவும் உதவியது யோசேப்பின் கதை. தன்னை விற்ற அண்ணன்மார் பஞ்சத்தில் தானியம் வாங்க எகிப்துக்கு வந்து நிற்கிறார்கள். அவர்களைப் பார்த்து அவன் ஒதுங்கிப் போய் அழுகிறான். மனதில் பழிவாங்கும் எண்ணம் இல்லை. தானியமும் கொடுக்கிறான், அவர்கள் கொடுத்த பணத்தையும் மூட்டையிலேயே திருப்பி வைக்கிறான். ஆனால் தான் யார் என்று சொல்லவில்லை. பென்யமீனுடைய சாக்கில் தன் வெள்ளிப் பாத்திரத்தை ஒளித்து வைத்து, இன்னொரு தம்பியையும் இவர்கள் கைவிட்டுப் போவார்களா என்று பார்க்கிறான். அன்றைக்கு யோசேப்பை விற்றுவிடலாம் என்று யோசனை சொன்ன அதே யூதா, இப்போது தம்பிக்குப் பதிலாக என்னை அடிமையாக வைத்துக்கொள்ளுங்கள் என்று முன்னால் வந்து நிற்கிறான். அதற்குப் பிறகுதான் யோசேப்பு தன்னை வெளிப்படுத்துகிறான். ஆதியாகமம் 42 முதல் 45 வரை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். மனதில் இரக்கம் முதலிலேயே வந்துவிட்டது. கட்டிப்பிடித்து அழுதது, அவர்கள் மாறியதைக் கண்ணால் கண்ட பிறகு.

கத்தோலிக்கத் திருச்சபை இதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறது. திருமண பந்தத்தை முறிக்க முடியாது என்று பிடிவாதமாக நிற்கும் சபை அது. இருந்தும் 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1153ஆம் பிரிவு, துணைவரின் அல்லது பிள்ளைகளின் உடலுக்கோ மனதுக்கோ கடும் ஆபத்து உண்டாக்குகிறவரை விட்டுப் பிரிந்து வாழ நியாயமான காரணம் உண்டு என்கிறது. ஆயரின் ஆணை பெற்றுப் பிரிய வேண்டும். தாமதித்தால் ஆபத்து என்றால் தாமாகவே பிரியலாம். அந்தக் காரணம் நீங்கியதும் சேர்ந்து வாழ வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே சபைகளில் இப்படி ஒரே தொகுப்பு கிடையாது. ஆனால் பவுல் 1 கொரிந்தியர் 7இல், பிரிந்துபோன மனைவி மறுமணமின்றி இருக்கட்டும் அல்லது ஒப்புரவாகட்டும் என்று எழுதும்போது, பிரிந்திருக்கும் ஒரு காலத்தை அவரும் கண்ணெதிரே வைத்துத்தான் எழுதுகிறார்.

நாட்டுச் சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிறிஸ்தவர்களுக்கு 1869ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டம் பொருந்தும். 2001இல் திருத்தம் வரும்வரை, கணவனின் கொடுமையை மட்டும் சொல்லி மனைவி விவாகரத்து கேட்க அதில் இடமில்லை. கொடுமையோடு விபசாரத்தையும் காட்ட வேண்டியிருந்தது. இன்று கொடுமை என்ற ஒரு காரணமே போதும். விவாகரத்து வேண்டாம், பிரிந்து மட்டும் இருக்கிறேன் என்பவர்களுக்கு நீதிமன்றப் பிரிவு என்ற வழியும் அதே சட்டத்தில் இருக்கிறது. விசுவாசத்தின் காரணமாக விவாகரத்துக்குத் தயங்கும் பெண்கள் இதைப் பற்றி வக்கீலிடம் கேட்க வேண்டும். அடி உதை என்றால் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் தனியாக இருக்கிறது. அதன்படி பெண்ணை வீட்டிலேயே வைத்து, அடிப்பவனை வெளியேறச் சொல்லியும் நீதிமன்றம் உத்தரவிடலாம்.

இனி குடிநோய். குடிப்பழக்கத்தை வெறும் ஒழுக்கக்கேடாகப் பார்க்கிறவர்கள் இரண்டு தப்பு செய்கிறார்கள். ஒன்று, சத்தியம் வாங்குவது. பைபிள்மேல் கைவைத்து ஈஸ்டருக்குள் விட்டுவிடுகிறேன் என்று சொல்பவன் அந்த நேரத்தில் உண்மையாகத்தான் சொல்கிறான். சனிக்கிழமை கூலி கைக்கு வந்ததும் அவன் மூளை வேறு கணக்குப் போடுகிறது. இரண்டாவது, அறைக்குள் பூட்டி வைத்து உபவாச ஜெபம் செய்வது. பல வருஷம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் நினைவு தடுமாறி, இல்லாத உருவங்களைப் பார்த்துக் கத்தலாம். இதைப் பிசாசு என்று நினைத்து ஜெபித்துக்கொண்டே இருந்தால் உயிர் போகும். ஜெபியுங்கள், ஆனால் அரசு மோகன் குமாரமங்கலம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விட்டு அங்கே உட்கார்ந்து ஜெபியுங்கள். அவருக்குத் தெரியாமல் குழம்பில் மாத்திரையைக் கலந்து கொடுப்பதும் வேண்டாம். அதில் டைசல்பிராம் என்ற மருந்து இருந்தால், அதன்மேல் அவர் குடிக்கும்போது ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். திருட்டுத்தனமாகத் தொடங்கும் சிகிச்சையில் நம்பிக்கையும் வளராது.

இந்த மாவட்டத்துக்குக் குடியோடு பழைய வழக்கு உண்டு. ராஜாஜி 1937இல் மதராஸ் மாகாணத்தில் மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில்தான்; அன்று நாமக்கலும் திருச்செங்கோடும் இதற்குள் அடக்கம். கடை மூடினால் எத்தனை வீட்டில் அடுப்பு எரியும் என்று அவர் கணக்குப் பார்த்தார். இன்று கடை திறந்திருக்கிறது. அதற்குள் போகாமல் இருப்பது ஒவ்வொருவரும் தினமும் செய்ய வேண்டிய வேலையாகிவிட்டது. எய்ம்ஸ் நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு அறிக்கை, இந்தியாவில் குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்கே ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்தது என்கிறது.

குடியை நிறுத்தியதும் குடும்பம் தானாகச் சேர்ந்துவிடும் என்று நம்புகிறவர்கள் லோயிஸ் வில்சனைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் 1935இல் குடியிலிருந்து மீள்கிறவர்களின் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏஏ) கூட்டத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பில் வில்சனின் மனைவி அவர். ஆக்ஸ்போர்டு குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்திலிருந்து பிறந்தது அந்தக் கூட்டம். பில் 1934 டிசம்பரில் கடைசியாகக் குடித்தார். பதினேழு வருஷமாக லோயிஸ் ஜெபித்துக் காத்திருந்த நாள் அது. ஆனால் சில மாதங்களில் அவருக்கே புரியாத கோபம் வந்தது. கூட்டத்துக்குச் சீக்கிரம் கிளம்பு என்று பில் அவசரப்படுத்தியபோது, கையில் இருந்த காலணியை அவர்மேல் வீசினார். வீட்டை நடத்தி, வேலைக்குப் போய், கணவனைத் தாங்கிப் பிடித்த தன்னால் முடியாததை யாரோ அந்நியர்கள் முடித்துவிட்டார்களே என்ற வலி அது. பிறகுதான் தனக்கும் குணமாக வேண்டியது இருக்கிறது என்று உணர்ந்தார். 1951இல் குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காக அல்-அனான் அமைப்பு உருவானது அவரும் ஒரு தோழியும் சேர்ந்து எடுத்த முயற்சியால். சென்னையில் சாந்தி ரங்கநாதன் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த மறு வருஷமே, 1980இல், டி.டி.கே. மருத்துவமனையாக இன்று அறியப்படும் சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். அங்கும் ஆரம்பத்திலிருந்தே குடும்பத்துக்குத் தனி ஆலோசனை உண்டு.

எனவே கணவன் திருந்திவிட்டான் என்றதும் மனைவியின் கோபத்தைப் பாவமாகப் பார்க்காதீர்கள். அவன் குடித்த காலத்தில் அந்தக் கோபத்துக்கு நேரமே இருந்திருக்காது. பிள்ளையின் பீஸ், வாடகை, குழுக் கடன் தவணை என்று ஓடியவள் இப்போதுதான் உட்கார்ந்து அழுகிறாள்.

மனந்திரும்புதலுக்கு அடையாளம் என்ன? சகேயு நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று கணக்கோடு பேசினான். ஏஏ கூட்டத்தின் பன்னிரண்டு படிகளில் எட்டாவதும் ஒன்பதாவதும் யாருக்கெல்லாம் தீங்கு செய்தோம் என்று பட்டியல் எழுதி, பிறருக்குப் புதுத் தீங்கு வராதபடி அவர்களிடம் போய் ஈடு செய்வதைப் பற்றியவை. நம் ஊர்க் கணக்கில், அடகுக் கடை ரசீதுகளை எல்லாம் எடுத்து மேசைமேல் வைப்பது. கொழுந்தியாளிடம் கைமாற்றாக வாங்கிய பணத்தை மனைவிக்குத் தெரியவரும் முன்பு தானே சொல்லிவிடுவது. சம்பளத்தைத் தானே கேட்டு மனைவி கணக்கில் போடச் செய்வது. “ராத்திரி எல்லாம் அடிச்சியேப்பா” என்று மகள் சொன்னால், நான் போதையில் இருந்தேன் என்று தப்பிக்காமல், ஆமாம் அடித்தேன் என்று ஒத்துக்கொள்வது. கடைசியில் சொன்னது ரொம்பக் கஷ்டம். அதைச் செய்கிறவரைத்தான் நான் நம்புவேன்.

முப்பது நாள் மறுவாழ்வு மையத்தில் இருந்துவிட்டு வந்தவர் மறுபடி குடிப்பது அபூர்வமல்ல. அதனால் சேரும் முன்பே, மறுபடி குடித்தால் என்ன செய்வது என்று இருவரும் பேசி எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்: யாருக்குப் போன் செய்வது, அன்று ராத்திரி அவர் எங்கே தங்குவது, எந்த டாக்டரைப் பார்ப்பது. எங்கள் விசுவாசத்தில் இதற்கு இடமில்லை என்று சிலர் சொல்வார்கள். இடம் உண்டு. அடி இருந்த வீட்டில் மட்டும் இந்தப் பேச்சுக்கே அவசரம் வேண்டாம். முதலில் பெண்ணும் பிள்ளைகளும் பத்திரமாக இருக்கட்டும்.

போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கணவனையும் மனைவியையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துக் கைகோத்து ஜெபிக்கும் முன்பு, அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு, “அம்மா, வீட்டுக்குப் போக உனக்குப் பயமா இருக்கா?” என்று கேளுங்கள். ஆமாம் என்றால் அன்றைக்குச் சேர்த்து வைக்காதீர்கள். பெண்கள் உதவிக்கு 181, போதை மீட்பு ஆலோசனைக்கு 14446. இரண்டு எண்ணையும் ஆலயத்தின் அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுங்கள்.