பள்ளத்தில் வளரும் திராட்சை

திராட்சைக் கொடி என்றதும் உங்கள் கண்முன் வருவது என்ன? கம்பங்கள் நட்டு, கம்பி இழுத்துக் கட்டிய பந்தல்தானே! யாழ்ப்பாணத்துத் தோட்டங்களைப் பார்த்தவர்களுக்கு வேறொன்றும் தோன்றாது. ஆனால், பந்தலில் படரவிடப்படும் தோட்டங்களோடு படரவிடப்படாத தோட்டங்களையும் சேர்த்தே அல்குர்ஆன் (6:141) குறிப்பிடுகின்றது. பந்தலே இல்லாமல் திராட்சை வளர்க்கும் ஒரு தீவைப் பற்றி அறிந்துகொள்வோமா?

மத்தியதரைக் கடலில், டியூனீசியாவிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது பந்தெல்லேரியா. இன்று இத்தாலிக்குச் சொந்தமானது. 9ஆம் நூற்றாண்டு தொடக்கம் 12ஆம் நூற்றாண்டில் நோர்மன்கள் கைப்பற்றும் வரை அங்கு முஸ்லிம்களின் ஆட்சி நிலவியது. அதன் சுவடு இன்னும் அழியவில்லை. அங்கு விளையும் திராட்சையின் பெயர் ‘ஸிபிப்போ’. உலர்ந்த திராட்சையைக் குறிக்கும் ‘ஸபீப்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது அது.

காற்றை வென்ற வழி

எரிமலைக் கற்கள் நிறைந்த மண். கோடையில் மழை இல்லை. கடற்காற்றோ ஓயாது வீசும். இப்படிப்பட்ட இடத்தில் பந்தல் போட்டால் என்னவாகும்? தளிர் முறியும், பூ உதிரும், ஈரமும் பறந்துவிடும்.

எனவே அம்மக்கள் கொடியை உயர்த்தாமல் தாழ்த்தினார்கள். நிலத்தைச் சமப்படுத்தி, சிறு பள்ளம் தோண்டி, அதற்குள் கொடியை நடுகிறார்கள். தண்டைக் கவனமாக வெட்டிவிட்டு, ஆறு கிளைகள் மட்டும் சுற்றிவர விரியும்படி செய்கிறார்கள். கொடி, குட்டையான புதராகிவிடுகிறது. காற்று தலைக்கு மேலால் போய்விடும். மழை நீரும் இரவுப் பனியும் பள்ளத்தில் தங்கி வேரை நனைக்கும்.

நிலத்தில் பொறுக்கிய கற்களும் வீண்போவதில்லை. சாந்து பூசாமல் கல்லோடு கல்லை அடுக்கி மதில் கட்டுகிறார்கள். அது சரிவில் மண்ணைத் தாங்குகிறது, காற்றையும் மறிக்கிறது. ஒரேயொரு தோடை மரத்துக்காக வட்டமாக உயர்ந்த மதில் எழுப்பி, கூரையின்றி விடுவதும் உண்டு. பிள்ளையைப் போர்த்திக் காப்பதுபோல் மரத்தைக் காக்கிறார்கள்!

மறையவிருந்த கலை

இந்தச் சரிவுகளில் இயந்திரத்துக்கு இடமில்லை. வெட்டுவது, கொத்துவது, பறிப்பது எல்லாம் கையால்தான். இளைஞர்கள் வேறு தொழில் தேடிப் போனார்கள். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆயிரக்கணக்கான ஹெக்டேயரில் இருந்த திராட்சை, பின்னர் சில நூறாகச் சுருங்கியது. பார்ப்பாரற்ற மதில் சரிந்தால் மண்ணும் கரைந்து போகும். இக்கலை எந்தப் புத்தகத்திலும் படித்து வருவதல்ல. பெற்றோர் செய்து காட்டி, ஊர்ப் பேச்சில் சொல்லிக் கொடுப்பது. முதியவர் ஒருவர் கண்மூடினால், அவரோடு ஒரு பாடமும் போய்விடும்.

இந்த நிலையில்தான் 2014இல் யுனெஸ்கோ இப்பயிர்முறையை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகப் பதிவு செய்தது. 2016இல் அத்தீவில் தேசியப் பூங்கா அமைந்தது. சாந்தின்றிக் கல்மதில் கட்டும் கலையும், இத்தாலி உட்பட எட்டு நாடுகளின் பெயரில் 2018இல் பதிவானது. இதனால் பழைய முறைக்குப் புதிய மதிப்புக் கிடைத்தது. அங்குள்ள திராட்சையில் பெரும்பகுதி மதுவுக்குப் போகிறது என்பது நமக்கு ஏற்புடையதல்ல. ஆயினும் பயிரைக் காக்கும் அறிவு எல்லோருக்கும் பொதுவானது.

நமக்கு என்ன பாடம்?

அப்படியே பார்த்துச் செய்யவேண்டாம். நம் மாரி மழையில் பள்ளத்து நீர் தேங்கி வேர் அழுகும். இலையில் பூஞ்சணம் பிடிக்கும். நமக்குக் காற்றோட்டமான பந்தலே பொருத்தம். ஆனால் மன்னார், கற்பிட்டி போன்ற காற்று மிகுந்த இடங்களில், வறண்ட மாதங்களில் இளங்கன்றுக்கு ஒரு கல் வளையம் வைக்கலாம். அடியில் பொச்சு மட்டையோ சருகோ பரப்பினால் ஈரம் நிற்கும். மழை தொடங்கியதும் வளையத்தைத் திறந்துவிடுங்கள்.

உங்கள் உம்மம்மா கிணற்றடிக் கன்றுக்கு ஓலை மறைப்புக் கட்டியதைக் கண்டிருப்பீர்கள். ஏன் அப்படிக் கட்டினார், எந்தத் திசையில் கட்டினார் என்று இன்றே கேட்டுப் பாருங்கள். கேட்டதை உங்கள் பிள்ளைகளின் கையால் செய்வித்தும் பாருங்கள்.