போர்வைக்கு ஏற்ற நூல்

தமிழில் 'நூல்' என்னும் சொல் இழையையும் குறிக்கும், ஏட்டையும் குறிக்கும். பவணந்தி முனிவர் தம் நன்னூலின் பாயிரத்தில் சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூல் நூற்கும் பெண்ணாகவும், வாயைக் கையாகவும், அறிவைக் கதிராகவும் உருவகம் செய்து நூல் உருவாகும் முறையை விளக்குகின்றார். சொல்லாலாகிய நூலை ஆராய்வதற்கு நம்மிடம் இலக்கணம் உண்டு. பஞ்சாலாகிய நூலுக்கும் ஓர் இலக்கணம் உண்டென்பதை நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. நிறம் பொருந்தினால் போதும் என்று நூற்கண்டை வாங்கி வருகிறோம். அவ்வாறு வாங்குவதால் விளையும் கேட்டினை அறிய, அமெரிக்க நாட்டில் வளர்ந்துள்ள குயில்ட் தையற்கலை தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

குயில்ட் என்பது யாது?

குயில்ட் என்பது மூன்று அடுக்குகளைக் கொண்ட போர்வை. மேலடுக்கு, பலநிறத் துணித்துண்டுகளை இணைத்து வடிவம்பெறத் தைத்தது. நடுவில் பஞ்சுப் படலம். அடியில் ஒரு விரிப்பு. இம்மூன்றையும் ஊடுருவிப் பிணிக்கும் தையலே குயில்ட் தையல். அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூரில் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்கள், உழைத்துத் தேய்ந்த ஆடைகளின் துண்டுகளைக்கொண்டு தைத்த போர்வைகள் 2002ஆம் ஆண்டில் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் வைக்கப்பெற்றன. குளிர் போக்கத் தைத்தவை கலைச்செல்வங்களாக மதிக்கப்பட்டன. தலைமுறை கடந்து நிற்கும் தகுதி இப்போர்வைகளுக்கு உண்டு என்பதற்கு இதுவே சான்று.

கையால் தைத்து வந்த இவ்வேலைக்கு, 1980களிலிருந்து 'லாங் ஆர்ம்' எனப்படும் நீள்கைத் தையற்பொறி அமெரிக்காவில் பரவலாயிற்று. நம் இல்லங்களிலுள்ள தையற்பொறியில் பொறி நிற்கும், துணி நகரும். நீள்கைப் பொறியிலோ, பத்து அல்லது பன்னிரண்டு அடி நீளமுள்ள சட்டத்தில் போர்வை இழுத்துக் கட்டப்பட்டு நிற்கும். பொறியே அதன்மேல் எத்திசையிலும் ஓடும். பலர் மேலடுக்கைத் தம் இல்லத்தில் மாதக்கணக்கில் உழைத்து உருவாக்கி, இறுதித் தையலுக்கு இப்பொறி வைத்திருப்பவரிடம் கூலி கொடுத்து ஒப்படைக்கின்றனர். ஆகவே, நூலைத் தேர்பவர் தம் பொருளுக்கு மட்டுமன்றிப் பிறருடைய உழைப்புக்கும் பொறுப்பேற்கிறார்.

நூல் படும் பாடு

தையற்பொறியின் தையல் 'பூட்டுத் தையல்' எனப்படும். மேலிருந்து வரும் ஊசிநூலும், கீழிருந்து வரும் பாபின் நூலும் அடுக்குகளின் நடுவே ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. எலியாஸ் ஹோவ் 1846இல் காப்புரிமை பெற்ற பொறி இம்முறையில் அமைந்ததே. நீள்கைப் பொறி நிமிடத்திற்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தையல்களை இடவல்லது. ஊசிநூல் ஒரு தையலாக நிலைபெறுமுன் ஊசிக்காதின் வழியே பலமுறை முன்னும் பின்னும் உராய்ந்து செல்கிறது. பொறி எல்லாத் திசைகளிலும் ஓடுவதால் ஊசி வளைகிறது, உராய்வு மிகுகிறது. வீட்டுப் பொறியில் தடையின்றி ஓடிய நூல் இங்கே அறுபடுவதற்குக் காரணம் இதுவே.

முறுக்கின் திசையும் கருதத்தக்கது. தையற்பொறிக்குரிய நூல்கள் பெரும்பாலும் ஆங்கில 'இசட்' எழுத்தின் சாய்வை ஒத்த இறுதி முறுக்கு உடையவை. எதிர்த்திசை முறுக்குடைய நூல், பொறியின் சுழற்சியால் பிரிந்து நைந்துவிடும். கைத்தையலுக்கென மெழுகுப்பூச்சு இட்ட நூலும் பொறிக்கு ஆகாது. அப்பூச்சு, இழுவிசையைக் கட்டுப்படுத்தும் தட்டுகளில் படிந்து ஓட்டத்தைக் கெடுக்கும்.

பருத்தியும் செயற்கையிழையும்

பருத்தியைக் குறிக்கும் 'குத்ன்' என்னும் அரபுச் சொல்லே ஆங்கிலத்தில் 'காட்டன்' ஆயிற்று. நெப்போலியப் போர்க்காலத்தில் ஐரோப்பாவில் பட்டு கிடைப்பது அருகியபோது, ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் பருத்தித் தையல்நூல் பெருகத் தொடங்கியது. 1844இல் ஜான் மெர்சர் என்பார், காரக் கரைசலில் பருத்தியை நனைத்தால் அது வலிமையும் சாயமேற்கும் ஆற்றலும் பெறுதலைக் கண்டார். 1850இல் காப்புரிமை பெற்றார். நூலுருளைகளில் 'மெர்சரைஸ்டு' என்று காணப்படும் குறிப்பு அவர் பெயரால் வந்தது.

பருத்தி நூலின் தரம் அதன் இழைநீளத்தைப் பொறுத்தது. குறுகிய இழைகளாலான நூல் தும்பு உதிர்க்கும். பாபின் பகுதியை அடைக்கும். நீளிழைப் பருத்தி நூலில் இக்குறை குறைவு. மிக நீண்ட இழையுடைய பருத்தி நம் நாட்டிலும் உண்டு. சுஜாதா என்னும் இனத்தையும் செயின்ட் வின்சென்ட் என்னும் இனத்தையும் இணைத்துக் கோயம்புத்தூரில் உருவாக்கப்பெற்று 1970களில் வெளியிடப்பட்ட 'சுவின்' அத்தகையது.

பாலியஸ்டர், 1941இல் இங்கிலாந்தில் வின்பீல்டு, டிக்சன் என்னும் இருவரால் கண்டறியப்பட்டது. ஒத்த பருமனுள்ள பருத்தி நூலினும் இது வலியது, சற்றே நீண்டு கொடுக்கும், தும்பு குறைவு. அதனால் விரைந்தோடும் நீள்கைப் பொறியில் இதனைப் பலர் விரும்புகின்றனர். ரேயான் நூல் பட்டுப்போல ஒளிரும். ஆயினும் நனைந்தால் பெரிதும் வலிமை இழக்கும். பருத்தியோ நனையும்போது வலிமை கூடும் இயல்பினது. அடிக்கடி துவைக்கும் போர்வைக்கு ரேயான் ஏற்றதன்று. கண்ணுக்குப் புலப்படாத ஒற்றையிழை நைலான் நூல், சலவைப் பெட்டியின் மிகுசூட்டில் இளகும், நாளடைவில் மஞ்சளிக்கும்.

எண்ணால் வரும் மயக்கம்

நூலுருளையின்மேல் அச்சிட்ட எண்ணே தேர்வோரை மிகுதியும் ஏமாற்றுவது. 'வெயிட்' என்னும் அளவில், ஒரு கிராம் எடையுள்ள நூல் எத்தனை மீட்டர் நீளும் என்பதே எண். எனவே 40ஐ விட 60 மெல்லியது. ஆங்கிலப் பருத்தி எண்ணோ, ஒரு பவுண்டு எடையில் 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனை என்பதைக் குறிக்கும். அதனுடன் எத்தனை புரி என்பதும் சேர்த்து எழுதப்படும். '40/3' என்றால் 40ஆம் எண் இழைகள் மூன்றைச் சேர்த்து முறுக்கிய முப்புரி நூல் என்பது பொருள்.

இவ்விரண்டையும் ஒப்பிட உதவுவது 'டெக்ஸ்' என்னும் அளவு. ஆயிரம் மீட்டர் நூலின் எடை எத்தனை கிராம் என்பதே டெக்ஸ். இதன்படி 40 வெயிட் நூல் 25 டெக்ஸ். 40/3 நூலோ ஏறத்தாழ 44 டெக்ஸ். இரண்டிலும் 40 என்றே எழுதியிருக்கும். ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்றைக் கொண்டால் தையல் தடித்துத் தோன்றும், நூலும் அறுபடும். டெக்ஸ் மட்டும் எண் ஏற ஏறப் பருமனும் ஏறும் அளவாதலால் மயக்கத்திற்கு இடமில்லை.

பூவேலையும் கொடிவேலையும் எடுப்பாகத் தெரியவேண்டின் தடித்த நூலையும், நெருங்கிய நுண்தையல் துணியோடு ஒன்றி மறையவேண்டின் 60 அல்லது 100 வெயிட் எனும் மெல்லிய நூலையும் கொள்ளலாம். மாறுபட்ட நிறமுள்ள நூல் கோலத்தைக் காட்டும். கை பிசகிய இடத்தையும் காட்டிக்கொடுக்கும். பழகும் மாணவர் துணியின் நிறத்தை ஒத்த நூலைத் தேர்தல் நன்று.

ஊசியும் இழுவிசையும்

நூலுக்கேற்ற ஊசி இல்லையேல் நல்ல நூலும் கெடும். ஊசி எண் 100 என்பது அதன் தண்டு ஒரு மில்லிமீட்டர் விட்டமுடையது என்பதாகும். ஒரு முழ நூலில் ஊசியைக் கோத்து நூலைச் சாய்வாகப் பிடித்தால், ஊசி தடையின்றிக் கீழே வழுக்கிவர வேண்டும். தயங்கி நின்றால் ஊசிக்காது சிறியது என்று அறியலாம்.

இழுவிசையைத் தையலே காட்டிக்கொடுக்கும். மேற்புறத்தில் பாபின் நூல் புள்ளிபுள்ளியாக எட்டிப்பார்த்தால் ஊசிநூல் மிக இறுகியுள்ளது அல்லது பாபின் நூல் தளர்ந்துள்ளது. அடிப்புறத்தில் ஊசிநூல் தெரிந்தால் நிலைமை இதற்கு மாறானது. பாபின் உறையை அதன் நூலிலேயே தொங்கவிட்டு மெல்ல அசைத்தால் அது சற்றே இறங்கி நிற்கவேண்டும். விரைந்து வீழ்ந்தால் தளர்வு, அசையாதிருந்தால் இறுக்கம். நூல் மாறும்போதெல்லாம், அதே துணி, அதே பஞ்சுப் படலம், அதே விரிப்பு ஆகியவற்றின் சிறுதுண்டுகளில் தைத்துப் பார்த்த பின்னரே போர்வையில் கைவைக்க வேண்டும். ஆழ்ந்த நிறமுள்ள நூலை ஈரமான வெள்ளைத் துணியில் தேய்த்துச் சாயம் இறங்குகிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வன்மையா, பொருத்தமா?

இவற்றுக்கெல்லாம் அடிப்படையான வினா ஒன்று உண்டு. மிக வலிய நூலே மிகச் சிறந்த நூலாகுமா? அன்று என்பதே நம் கருத்து. போர்வை இழுபடும்போது இரண்டில் ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். நூல் அறுந்தால் ஒரு மாலைப்பொழுதில் மீண்டும் தைத்துவிடலாம். துணி கிழிந்தால், மாதக்கணக்கில் சேர்த்த துண்டுகளின் ஒழுங்கு அழியும். முன்பிருந்தபடி செப்பனிட இயலாது. பாலியஸ்டர் நூலே துணியை அறுக்கும் என்று அஞ்ச வேண்டியதில்லை, அது வழவழப்பானது. மென்மையான பழந்துணியின்மேல் தேவைக்கு மிஞ்சிய தடித்த நூலை இறுக்கித் தைப்பதே கேடு. மெல்லிய பாலியஸ்டர் நூல் அளவான இழுவிசையில் பருத்தித் துணியோடு நன்கு ஒத்துப்போகும்.

ஆகவே துணியின் இயல்பு, போர்வையின் பயன், துவைக்கும் முறை ஆகியவற்றை முதலில் எண்ணி, அதன்பின் இழை, பருமன், நிறம் என்னும் வரிசையில் நூலைத் தேர்ந்தெடுப்பதே முறையாகும். நாம் பெரும்பாலும் நிறத்தில் தொடங்கி நிறத்திலேயே முடித்துவிடுகிறோம். இனிக் கடையில் நூலுருளையைக் கையில் எடுக்கும்போது, அதன் அடியில் ஒட்டியுள்ள சிறு சீட்டையும் ஒருமுறை படித்துப் பார்ப்போம். பிறர் நம்மை நம்பித் தந்த துணி பல்லாண்டு நிலைக்க, அந்தச் சிறு கவனம் துணைசெய்யும்.