முன்னால் வந்தவரும் முடியாமல் வந்தவரும்

இருபது வருடத்துக்கு முன் தமிழ்நாட்டுக் கிராமத்தில் நடுராத்திரி ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால், காத்திருப்பு ஆஸ்பத்திரியில் தொடங்காது. வாடகைக் கார் வைத்திருப்பவர் வீட்டு வாசலில் தொடங்கும். அவரைத் தட்டி எழுப்ப வேண்டும். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, டீசல் இருக்கிறதா என்று பார்த்து, பின்சீட்டில் பழைய போர்வை ஒன்றை விரிக்க வேண்டும். விபத்து என்றால் இன்னும் சிக்கல். ரத்தம் வடிகிற ஆளை ஏற்ற எந்த வண்டியும் லேசில் நிற்காது. சீட் கறையாகும் என்பது சின்னக் காரணம். “நாளைக்கு சாட்சி சொல்லுன்னு கோர்ட்டுக்கு இழுப்பான்” என்பதுதான் பெரிய காரணம். மனசு இளகிய லாரிக்காரர் யாராவது வந்தால் உண்டு.

2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டுச் சாலைகளுக்கு வந்தது. அதன் ஓட்டுநரைப் ‘பைலட்’ என்கிறார்கள். பின்னால் ஆக்சிஜனும் முதலுதவி தெரிந்த ஒரு ஆளும் இருப்பார்கள். காசு கிடையாது. அடிபட்டவரை நல்லெண்ணத்தில் தூக்கிக்கொண்டு வருகிறவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்ற பாதுகாப்புக்கு உச்ச நீதிமன்றம் 2016-இல் வழி செய்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்திலும் அது ஏறியது. சட்டம் ஏறிய அளவுக்கு நம் மனசில் அது இன்னும் ஏறவில்லை. சாலையில் விழுந்து கிடப்பவரைச் சுற்றி நின்று செல்போனில் படம் பிடிக்கிற கூட்டம் இப்போதும் இருக்கிறது. ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒருவராவது 108-ஐ அழைத்துவிடுகிறார்.

வண்டி கிடைத்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபின் அன்று என்ன நடந்தது? அன்றைய ‘கேஷுவால்டி’ பெரும்பாலும் ஒரே அறை. ஒரு மேசை, ஒரு டூட்டி டாக்டர், தையல் போட ஒரு மூலை, தடித்த விபத்துப் பதிவேடு. அந்தப் பதிவேட்டில் ஏறுவதைத்தான் ‘ஏ.ஆர். போடுறது’ என்பார்கள். கேஷுவால்டி தபால் அலுவலகம் போலத்தான் வேலை செய்தது. வந்ததைப் பார்த்து, எலும்பா, வயிறா, விஷமா என்று பிரித்து, அந்தந்த வார்டுக்கு அனுப்பிவைக்கும். உண்மையான வைத்தியம் வார்டுக்குப் போனபின்தான். அங்கே போக ஸ்ட்ரெச்சர் வேண்டும், தள்ள ஆள் வேண்டும். அவசர மருத்துவம் என்பதே தனித்துறையாக இந்திய மருத்துவக் கவுன்சிலின் அங்கீகாரம் பெற்றது 2009-இல்தான். அதுவரை யார் முறை வருகிறதோ அவர் பார்ப்பார். சாலை விபத்தில் நெஞ்செலும்பு நொறுங்கி வந்தவரை முதலில் பார்ப்பவர் சில ராத்திரிகளில் தோல் டாக்டராகவும் இருக்கலாம்.

இதற்கு மேல் போலீஸ். “இது போலீஸ் கேஸ், ஜி.எச்.சுக்குக் கொண்டு போங்க” என்ற வாக்கியத்தைத் தனியார் ஆஸ்பத்திரி வாசலில் கேட்காத குடும்பம் அந்தக் காலத்தில் குறைவு. அப்படித்தான் ஒரு முறை ஸ்கூட்டரில் போனவரைக் கார் ஒன்று இடித்துவிட்டது. பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனவரிடம், இத்தகைய வழக்குகளைப் பார்க்க அனுமதி பெற்ற ஆஸ்பத்திரி 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். வழியிலேயே அடிபட்டவர் உயிர் போனது. பத்திரிகையில் வந்த அந்தச் செய்தியை வைத்துப் பரமானந்த் கட்டாரா என்பவர் தொடுத்த வழக்கில்தான், உயிரைக் காப்பதே முதல் கடமை, சட்ட நடைமுறையெல்லாம் பிறகு என்று 1989-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஏழு வருடம் கழித்து மேற்கு வங்க வழக்கு ஒன்று. ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட விவசாயத் தொழிலாளியைக் கல்கத்தாவின் அரசு ஆஸ்பத்திரிகள் ஒன்று மாற்றி ஒன்றாக, படுக்கை இல்லை, வசதி இல்லை என்று திருப்பியனுப்பின. கடைசியில் அவர் தனியாரில் சேர்ந்து பிழைத்தார். அவசரச் சிகிச்சை மறுக்கப்பட்டது வாழும் உரிமையை மீறியது என்று 1996-இல் நீதிமன்றம் சொல்லி, 25,000 ரூபாய் இழப்பீடும் கொடுக்கச் சொன்னது. இத்தனைக்குப் பிறகும் ‘ஏ.ஆர். போட்டாச்சா?’ என்பதே முதல் கேள்வியாக இருந்த இடங்கள் பல வருடம் இருந்தன.

இன்று பெரிய அரசு ஆஸ்பத்திரி ஒன்றின் அவசரப் பிரிவுக்குள் நுழைந்தால் கண்ணில் படுவது மூன்று நிறம். சிவப்பு, மஞ்சள், பச்சை. டி.ஏ.இ.ஐ. (TAEI) என்று சுருக்கமாகச் சொல்லப்படும் தமிழ்நாடு விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டம் வந்தபின் ஏற்பட்ட மாற்றம் இது. வாசலிலேயே ஒருவர் நாடி, ரத்த அழுத்தம், மூச்சு, நினைவு பார்த்துப் பிரிக்கிறார். மூச்சுத் திணறுகிறவரும் நினைவு தப்பியவரும் சிவப்பு, உடனே உள்ளே. கவனிக்க வேண்டும், ஆனால் சற்றுத் தாங்கும் என்றால் மஞ்சள். நடந்து வந்து, பேசி, கையில் கட்டு கேட்கிறவர் பச்சை. நெப்போலியனின் போர்க்களத்தில் லாரே என்ற அறுவை மருத்துவர், பதவியைப் பார்க்காமல் காயத்தைப் பார்த்து ஆளைத் தூக்கச் சொன்னதிலிருந்து வளர்ந்த முறை. நம்மூர் ஜி.எச். வாசலுக்கு வர இருநூறு வருடம் ஆகியிருக்கிறது.

ஸ்கேன், வென்டிலேட்டர் எல்லாவற்றையும்விட இந்த வரிசை மாற்றத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ரேஷன் கடையிலும் டிக்கெட் கவுன்ட்டரிலும் நமக்குத் தெரிந்த நியாயம் ஒன்றே ஒன்று: முன்னால் வந்தவருக்கு முதலில். அந்த நியாயத்தை மீறத் தெரிந்த வழியும் ஒன்றுதான்: கவுன்சிலரிடமிருந்து ஒரு போன். இரண்டையும் ஒதுக்கிவிட்டு, யாருக்கு ரொம்ப முடியவில்லையோ அவருக்கு முதலில் என்கிறது இந்த முறை. போன் இன்னும் வருகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் சிவப்பில் ஒருவர் கிடக்கும்போது அந்தப் போனுக்கு முன்பிருந்த பலம் இல்லை.

பணத்துக்கான காத்திருப்பும் கொஞ்சம் குறைந்தது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் சிக்கியவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், முதல் 48 மணி நேரச் செலவை, தொடங்கியபோது 1 லட்சம் ரூபாய் வரை, அரசு ஏற்றது. திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும் இது செல்லும். “முதல்ல அட்வான்ஸ் கட்டிட்டு வாங்க” என்ற பேச்சு அந்த இடங்களில் தள்ளிப்போனது. தள்ளித்தான் போனது. தலையில் அடிபட்டவருக்கு 48 மணி நேரம் என்பது ஆரம்பம். மூன்றாம் நாள் காலையில் குடும்பம் கணக்குப் போட உட்கார்ந்துவிடுகிறது.

ஆக, காத்திருப்பு ஒழியவில்லை, இடம் மாறியிருக்கிறது. வாசலில் வேகமாக வாங்கிக்கொள்கிறார்கள். அப்புறம் மேலே வார்டில் படுக்கை காலியாகும்வரை ஸ்ட்ரெச்சரிலேயே கிடக்க வேண்டும். தீவிர சிகிச்சைப் படுக்கை என்றால் இன்னும் நேரமாகும். தாலுகா ஆஸ்பத்திரியில் பார்த்து மாவட்டத்துக்கு எழுதி, மாவட்டத்தில் பார்த்து மருத்துவக் கல்லூரிக்கு எழுதி, ஒவ்வொரு இடத்திலும் வாசல் சடங்கு முதலிலிருந்து. ரத்த மாதிரியை லேபுக்குக் கொண்டு ஓடுவதும், ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைப் பிடிப்பதும் அன்றுபோல் இன்றும் பல இடங்களில் கூட வந்தவர் தலையில்தான். நோயாளிக்காவது படுக்கை உண்டு. கூட வந்தவருக்கு உட்கார நாற்காலி கிடையாது.

பச்சைப் பகுதியில் ராத்திரி இவ்வளவு கூட்டம் ஏன்? காய்ச்சலுக்கும் வயிற்றுவலிக்கும் அவசரப் பிரிவு எதற்கு என்று டாக்டர்கள் சலித்துக்கொள்வதில் நியாயம் உண்டு. ஆனால் ஓ.பி. காலையில் திறந்து மதியத்தோடு முடிகிறது. கட்டட வேலைக்கும் மில்லுக்கும் போகிறவர் ஓ.பி.க்கு வந்தால் ஒரு நாள் சம்பளம் போச்சு. அவர் ராத்திரி எட்டு மணிக்குத்தான் வருவார்.

காத்திருப்பு சில நேரம் டாக்டர், நர்ஸ் மேல் கைவைப்பதில் போய் முடிகிறது. 108 வந்த அதே 2008-இல்தான், மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதைத் தடுக்கும் சட்டத்தையும் தமிழ்நாடு இயற்றியது. அடிக்கிறவரை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் காத்திருப்பவருக்கு வரும் கோபத்தில் பாதி, ஏன் காத்திருக்கிறோம் என்று யாரும் சொல்லாததால் வருவது. நிறங்களை விளக்கும் பலகை சுவரில் இருந்தாலும், காலில் ரத்தக்கட்டோடு தாயைக் கூட்டி வந்தவன் பலகையையா படிப்பான்?

தென்மாவட்ட ஆஸ்பத்திரி ஒன்றில் ஒரு நர்ஸ் அந்தக் காரணத்தை வாய்விட்டுச் சொன்னதைப் பார்த்தேன். “ஏழு மணிக்கே வந்தோம், இப்ப வந்தவன உள்ள விடுதீங்க” என்று ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். அவள் குரலை உயர்த்தவில்லை. “அண்ணே, உங்க அம்மாவுக்கு உயிருக்கு ஒண்ணும் இல்ல. அதான் இருக்கச் சொல்லுதோம். உள்ள போனவரு பொண்டாட்டிய பாருங்க” என்றாள். அவர் திரும்பிப் பார்த்தார். சத்தம் இறங்கியது. “சரிம்மா, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?” என்றார்.

“அது எனக்கே தெரியாதுண்ணே. ரெண்டு ஆம்புலன்ஸ் வந்துக்கிட்டிருக்குன்னு இப்பதான் போன் வந்துச்சு.”